"குளிச்சாச்சா?" இதற்கு இங்கிலீஷில் என்ன?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலை இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள். "சார், நோயாளியைக் குளிப்பாட்டினேன் என்பதற்கு பாத்தா, பேத்தா? தப்பாயிடுமோன்னு பயத்துல வாயே வரமாட்டேங்குது" என்றாள். வேலை தெரிந்த பிள்ளை ஒரு சொல்லுக்காக வாய்மூடி நிற்கக் கூடாது. அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பி-ஏ-டி-எச் என்று எழுதினால் 'பாத்'. அது பெரும்பாலும் பெயர்ச்சொல், குளியல். கடைசியில் ஒரு 'இ' சேர்த்தால் 'பேத்'. அது வினைச்சொல். 'ஹேவ் எ பாத்' என்பது பிரிட்டன் வழக்கு, 'டேக் எ பாத்' என்பது அமெரிக்க வழக்கு. இரண்டும் சரிதான். புண்ணைத் தண்ணீரால் கழுவுவதும் 'பேத்'. படுக்கையில் கிடப்பவரைத் துடைத்துச் சுத்தம் செய்வது 'பெட் பாத்'. "ஐ கேவ் தி பேஷண்ட் எ பெட் பாத்" என்று தைரியமாகச் சொல் என்றேன்.

அந்த ஊர்க்காரர்களுக்கு 'பாத்' என்றால் ஆள் படுக்கும் தொட்டிதான் நினைவுக்கு வரும். மேலிருந்து கொட்டினால் 'ஷவர்'. சிறு மழைக்கும் அதே சொல். ஆற்றிலோ கடலிலோ இறங்கினால் 'பேதிங்'. ஆடிப் பதினெட்டுக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி நம் ஆகாய கங்கையில் நிற்கிறோமே, அதை 'பேதிங் அண்டர் தி வாட்டர்ஃபால்' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

'தலைக்குக் குளித்தேன்' என்பதை 'ஹெட் பாத்' என்றால் நம் நாட்டில் புரியும். வெளிநாட்டில் 'ஐ வாஷ்ட் மை ஹேர்' என்று சொல்லுங்கள். 'ஆயில் பாத்' இன்னும் வேடிக்கை. டிராக்டர் ஓட்டும் தம்பிகளுக்குத் தெரியும், இன்ஜினுக்குப் போகும் காற்றை எண்ணெயில் வடிகட்டும் ஏர் ஃபில்டருக்கும் அதே பெயர்தான். வெளிநாட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால், எண்ணெய்த் தொட்டியில் உட்கார்ந்தீர்களா என்று கேட்டாலும் கேட்பார்கள்!

அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை; அதனால் சொல்லும் இல்லை. அவர்களும் நம்மிடம் கடன் வாங்கியவர்கள்தான். 'ஷாம்பு' என்ற சொல் இந்தியிலிருந்து போனது. அழுத்திப் பிடித்துவிடுவது என்பதே அதன் பழைய பொருள். பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் நடத்தி, அந்தச் சொல்லை அங்கே பிரபலமாக்கினார்.

ஆகவே, பெற்றோராகிவிட்ட என் மாணவர்களே, பிள்ளை 'ஹெட் பாத்' என்றால் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால் அது அடுத்த முறை பேசாது. கேட்பவருக்குப் புரியும் சொல்லைப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள். 'எண்ணெய்க் குளியல்' என்ற நம் சொல்லையும் கூடவே கொடுங்கள்.

வேறு எந்தச் சொல்லில் சந்தேகம் இருந்தாலும் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்