நீரடி அழுத்தமானியின் பூர்வீகம்

காற்று அடைத்த உருளையை முதுகில் சுமந்து கடலுக்குள் இறங்கும் முக்குளிப்பாளரின் இடுப்போரமாக, நீண்ட ரப்பர்க் குழாய் ஒன்றின் நுனியில், உள்ளங்கைக்குள் அடங்கும் வட்ட முகப்புள்ள கருவி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். உருளைக்குள் மிஞ்சியிருக்கும் காற்றின் அழுத்தத்தை முள்ளால் காட்டும் இந்த நீரடி அழுத்தமானி, ஸ்கூபா எனப்படும் தற்சார்பு முக்குளிப்பு முறையோடு கூடவே பிறந்தது என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. அதன் பூர்வீகத்தைத் தேடிச் செல்வோருக்கு இந்த எண்ணம் இரண்டு இடங்களில் பிசகுகிறது. கருவியின் உயிர்நிலையான உறுப்பு ஸ்கூபாவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மூத்தது. ஸ்கூபா உலகெங்கும் பரவிய முதல் இருபது ஆண்டுகளிலோ, அதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோரிடம் இந்தக் கருவியே இல்லை. ஆகவே, இதை யார் கண்டுபிடித்தார் என்று கேட்பதைவிட, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கருவி ஏன் இவ்வளவு காலம் கரையிலேயே நின்றுவிட்டது என்று கேட்பதே இந்தத் தேடலுக்குச் சரியான தொடக்கமாகும்.

முதலில், அளக்கப்படுவது எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 12 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால், அது கடல்மட்டத்தில் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்றுக்குச் சமம். பார் என்பது கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தை ஒட்டிய ஓர் அலகு. நிதானமாக நீந்தும் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறார் என்று கொண்டால், அந்தக் காற்று கரையில் இரண்டு மணி நேரத்துக்கு வரும். ஆனால் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடுவதாலும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகவே நுரையீரலுக்குக் காற்று கொடுக்கப்பட வேண்டியிருப்பதாலும், 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியின்படி, 30 மீட்டர் ஆழத்தில் அதே மனிதர் நிமிடத்துக்கு 80 லிட்டர் செலவழிக்கிறார். இரண்டு மணி நேரம் அரை மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. குளிர், அச்சம், எதிர்நீரோட்டம் எதுவாயினும் மூச்சை விரைவுபடுத்தி இந்த அரை மணி நேரத்தையும் குறைத்துவிடும் என்பதால், கைக்கடிகாரத்தை மட்டும் நம்பிக் காற்றின் இருப்பைக் கணிப்பது ஆபத்தானது.

இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தை அளக்கும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கடலோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத நீராவி எந்திரங்களுக்காகக் கிடைத்தது. அதற்கு முன் அழுத்தத்தை அளக்கப் பாதரசத் தம்பமே பயன்பட்டது. ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 760 மில்லிமீட்டர் பாதரசம் என்ற கணக்கில், 200 பார் அழுத்தத்தைப் பாதரசத்தால் அளக்க வேண்டுமானால் ஏறத்தாழ 150 மீட்டர் உயரமுள்ள குழாய் தேவைப்படும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல இரு மடங்குக்கும் மேற்பட்ட உயரம் அது. பாரிஸைச் சேர்ந்த எழேன் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அழுத்தமானி இந்த உயரத்தை ஒரு கைப்பிடிக்குள் அடக்கியது. குறுக்குவெட்டில் தட்டையாக்கப்பட்டு வில்போல் வளைக்கப்பட்ட உலோகக் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியாக அழுத்தத்தைச் செலுத்தினால், தட்டையான குழாய் உருண்டைவடிவை நோக்கிச் சற்றே உப்ப, அதன் விளைவாக வளைவும் சற்றே நிமிரும். அடைபட்ட முனையின் அந்த நுண்ணிய அசைவை முள்ளோடு இணைத்துவிட்டால் அழுத்தம் கண்ணுக்குத் தெரியும். இன்றைய முக்குளிப்பு அழுத்தமானிகள் பலவற்றில் இந்தக் குழாய் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர, அடிப்படை அமைப்பில் மாற்றம் ஏதுமில்லை.

ஆனால் பூர்தோனின் காலத்து முக்குளிப்பாளருக்கு இப்படியொரு கருவி தேவைப்படவில்லை. செம்புத் தலைக்கவசம் அணிந்து இறங்கியவருக்குக் காற்றுக் குழாய் வழியாக இடைவிடாமல் காற்று அனுப்பப்பட்டது. அதைத் தள்ளிய பம்பும் பம்பின் அழுத்தமானியும் படகின்மேல், வேறொருவரின் கண்பார்வையில் இருந்தன. கீழே இருப்பவர் வேலையைப் பார்ப்பார், மேலே இருப்பவர் முள்ளைப் பார்ப்பார் என்பதே அன்றைய உழைப்புப் பங்கீடு. தூத்துக்குடிப் பக்கத்தில் சங்கு குளிப்போர், படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து நீளும் குழாயில் மூச்சு வாங்கி வேலை செய்யும் முறையிலும் இதே பங்கீடு தொடர்வதைக் காணலாம். கீழே இருப்பவரின் கைக்கு அழுத்தமானி வந்து சேர வேண்டுமானால், மேலே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலை முதலில் உருவாக வேண்டியிருந்தது.

அந்த நிலை பிரான்சில் உருவாயிற்று. கடற்படை அதிகாரியான ஈவ் லெ பிரியர், மோரிஸ் ஃபெர்னே என்பவர் உருவாக்கிய எளிய மூச்சுக் கருவியைக் கண்டு, அதன் குழாயையும் பம்பையும் நீக்கிவிட்டு அழுத்தமேற்றிய காற்று உருளையை இணைக்கலாம் என்று எண்ணி, 1926-இல் இருவர் பெயரிலும் ஒரு கருவியை வெளியிட்டார். 1933-இல் முகம் முழுவதையும் மூடும் முகமூடியோடு அதைத் திருத்தி அமைத்தார். லெ பிரியர் ஜப்பானில் கிளைடர் பறக்கவிட்டவர். முதல் உலகப்போரில் பகைவரின் பலூன்களைத் தாக்க விமானத்திலிருந்து ஏவும் ராக்கெட்டுகளை வடிவமைத்தவர். அளவுகளோடும் கருவிகளோடும் புழங்கிப் பழகிய அவருடைய முக்குளிப்புக் கருவியில் இரண்டு அழுத்தமானிகள் இருந்ததில் வியப்பில்லை. ஒன்று உருளைக்குள் மிஞ்சிய அழுத்தத்தையும் மற்றொன்று முகமூடிக்குச் செல்லும் காற்றின் அழுத்தத்தையும் காட்டின.

இந்தத் தேடலில் மிகவும் கவனத்துக்குரிய இடம் இதுவே. காற்றைக் கீழே இருப்பவரே அளந்து பார்க்கும் பழக்கம், ஸ்கூபாவின் பெரும்புகழ் பெற்ற வடிவத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த அழுத்தமானிகள் ஆடம்பரத்துக்காகவும் வைக்கப்படவில்லை. லெ பிரியரின் கருவியில் காற்று தானாக அளந்து வராது. முக்குளிப்பவர் வால்வைத் தம் கையால் திருகி, ஆழத்துக்கு ஏற்ப ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ள வேண்டும். மூச்சை வெளிவிடும் நேரத்திலும் காற்று ஓடிக்கொண்டே இருந்ததால் வீணானது மிகுதி, நீருக்குள் தங்கும் நேரமோ குறைவு. கையால் ஓட்டவேண்டிய கருவிக்குக் கண்ணால் பார்க்கும் முள் கட்டாயம் என்பதாலேயே அழுத்தமானிகள் அங்கே இடம்பெற்றன.

1943-இல் ழாக்-ஈவ் கூஸ்தோவும், ஏர் லிக்கீட் நிறுவனப் பொறியாளர் எமீல் கன்யானும் உருவாக்கிய ரெகுலேட்டர் இந்தக் குறையைத் தீர்த்தது. போர்க்காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடிய கார்களுக்காகக் கன்யான் அமைத்திருந்த வால்வை அடியொற்றிய அது, மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சரியாக, வேண்டிய அளவு காற்றைத் தானாகவே தந்தது. கையால் திருகும் வேலை ஒழிந்தது. அதோடு முள்ளைப் பார்க்கும் வேலையும் ஒழிந்துவிட்டதாகக் கருதப்பட்டதுதான் விபரீதம். தானியங்கும் கருவி பயனாளியின் கவனத்தை விடுவிக்கிறது என்பது நன்மையே. ஆனால் எவ்வளவு வேகத்தில் காற்று வெளியேற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பும், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அறியும் பொறுப்பும் வேறுவேறானவை. முதல் பொறுப்பு எந்திரத்துக்குப் போனபோது இரண்டாவதும் சேர்ந்து கைநழுவிற்று.

அதன் இடத்தை நிரப்ப 1950-களில் வந்தது சேமிப்பு வால்வு. உருளையின் கழுத்தில், வில்கம்பியால் அழுத்தப்பட்ட ஓர் அடைப்பான் இருக்கும். உருளையில் காற்று நிறைந்திருக்கும்வரை அந்த அழுத்தமே அடைப்பானைத் தள்ளித் திறந்து வைத்திருக்கும். அழுத்தம் ஏறத்தாழ 20 பாருக்கு இறங்கும்போது வில்கம்பியின் கை ஓங்கி அடைப்பான் மூடத் தொடங்க, மூச்சு இழுப்பது கடினமாகிவிடும். முக்குளிப்பவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, உருளையின் ஓரமாக ஓடும் கம்பியைக் கீழ்நோக்கி இழுத்தால், மாற்றுவழி திறந்து மிச்சக் காற்று கிடைக்கும். 12 லிட்டர் உருளையில் 20 பார் என்பது 240 லிட்டர். 30 மீட்டர் ஆழத்தில் அது மூன்று நிமிடக் காற்று. உடனே மேலேறத் தொடங்குபவருக்கு அது போதும், வலையில் சிக்கிய தோழரை விடுவிக்க முயல்பவருக்குப் போதாது.

இதில் நயமான ஒரு சிக்கனம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை: கண்ணாடி முகப்பில்லை, குழாயில்லை, கலங்கிய நீரிலும் இருளிலும் தவறாமல் உணரக்கூடிய எச்சரிக்கை இது. ஆயினும் அது சொன்ன செய்தி ஒன்றே ஒன்றுதான், அதையும் இறுதியில்தான் சொன்னது. நீரில் இறங்கும் முன்பே கம்பியை மேலே தள்ளிவைக்க மறந்தவருக்கும், பாறையிடுக்கில் நுழைகையில் கம்பி தானாக இழுபட்டதை உணராதவருக்கும் அந்த ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. சேமிப்பு தீர்ந்துபோனதை, அடுத்த மூச்சுக்குக் காற்று வராதபோதே அவர்கள் அறிந்தனர். இன்னொரு மாற்றமும் இதே காலத்தில் நேர்ந்தது. பழைய ரெகுலேட்டர்கள் சிலவற்றில் உருளை அழுத்தம் குறையக் குறைய மூச்சு படிப்படியாகக் கனத்து, அதுவே ஒருவகை அறிகுறியாக இருந்தது. அழுத்தச் சமனிலை கொண்ட புதிய ரெகுலேட்டர்களோ கடைசிவரை இலகுவாகக் காற்றைத் தந்தன. கருவி மேம்பட்டதாலேயே எச்சரிக்கை மறைந்த கதை இது. அழுத்தமானி ஒன்று புழக்கத்தில் இருந்தும், அதை இறங்கும் முன் உருளையில் பொருத்தி அழுத்தத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கரையிலேயே வைத்துவிடுவதே பலரின் வழக்கமாயிருந்தது.

1960-களில் கடைக்கு வந்து 1970-களில் பொதுவழக்கான நீரடி அழுத்தமானி, இதனால்தான் ஒரு புதிய கண்டுபிடிப்பு என்பதைவிட, விட்டுப்போன ஒன்றின் மீள்வருகை என்றே கொள்ளத்தக்கது. புதுமை அதன் முள்ளில் இல்லை, அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளில் இருக்கிறது. ரெகுலேட்டரின் முதல்நிலையிலிருந்து, உருளையின் முழு அழுத்தத்தையும் சுமந்து வரும் குழாயின் தொடக்கத்தில் ஊசிமுனை போன்ற ஒரு துளை மட்டுமே விடப்பட்டிருக்கும். குழாய் வெடித்தாலும் காற்று சிறிது சிறிதாகவே கசிந்து, மேலேற அவகாசம் கிடைப்பதற்கான ஏற்பாடு அது. குழாயும் முகப்பும் சேரும் இடத்தில், இரு சிறு ரப்பர் வளையங்கள் பூட்டிய சுழல் இணைப்பு உண்டு. முகப்பைத் திருப்பிப் பார்க்க வசதியான இந்த இணைப்பிலிருந்துதான், வளையங்கள் தேயும்போது, நூலிழை போன்ற குமிழிச் சரம் வழக்கமாகக் கிளம்பும். கூட்டுக்குள் குழாய் உடைந்தால் கண்ணாடி முகத்தில் சிதறாதிருக்கப் பின்புறத்தில் தக்கை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். உருளை வால்வைத் திறக்கும் நேரத்தில் முகப்பை முகத்தைவிட்டு விலக்கிப் பிடிக்கும்படி பயிற்றுநர்கள் வற்புறுத்துவதும் இதே காரணத்தால்தான்.

முள்ளைப் படிப்பதிலும் சில நுட்பங்கள் உள்ளன. நிரப்பும்போது சூடேறிய உருளை 47 பாகை செல்சியஸில் 200 பார் காட்டினால், 27 பாகை நீரில் குளிர்ந்தபின் ஒரு மூச்சும் செலவாகாமலே ஏறத்தாழ 187 பார்தான் காட்டும். அதைவிட முக்கியமானது முள்ளின் அசைவு. வால்வு முழுமையாகத் திறக்கப்படாத உருளையில், சும்மா இருக்கும்போது முள் 200-இல் நிற்கும். மூச்சை இழுக்கும்போது கீழே சரிந்து, விட்டவுடன் மீண்டும் மேலேறும். படகில் இருக்கும்போதே முகப்பைப் பார்த்துக்கொண்டு சில மூச்சுகள் ஆழமாக இழுத்துப் பார்க்கும் வழக்கம் இந்தத் துடிப்பைக் கண்டுகொள்வதற்காகவே ஏற்பட்டது. வெறும் எண்ணை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார்.

முள் நீருக்குள் வந்ததன் முழுப் பயனை முதலில் உணர்ந்தவர்களில் குகை முக்குளிப்பாளர்கள் முன்னிற்கின்றனர். தலைக்குமேல் பாறை இருப்பதால் நேராக மேலேற முடியாத குகைக்குள், இறுதிக் கட்டத்தில் ஒலிக்கும் எச்சரிக்கையால் பயனில்லை. ஃபுளோரிடாவின் நீரூற்றுக் குகைகளில் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்து ஷெக் எக்ஸ்லி 1979-இல் வெளியிட்ட சிறுநூல் வலியுறுத்திய விதிகளுள் ஒன்று, காற்றை மூன்றாகப் பங்கிடுவது: ஒரு பங்கு உள்ளே செல்ல, ஒரு பங்கு திரும்பிவர, மீதிப் பங்கு இடர்ப்பாட்டுக்கு. 200 பாரோடு நுழைந்தவர் 133-ஐ ஒட்டி முள் இறங்கியதும், குகை எவ்வளவு அழகாக விரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். சேமிப்பு வால்வை வைத்துக்கொண்டு இந்த விதியை எழுதியிருக்கவே முடியாது. இடைப்பட்ட எந்தப் புள்ளியையும் காட்டும் கருவி இருந்தால்தான் பாதி வழியில் முடிவெடுக்க இயலும்.

மின்னணு வடிவங்களின் வரலாறு ஒப்பீட்டளவில் சுருக்கமானது. சிலிக்கன் போன்ற குறைகடத்திகள் அழுத்தப்படும்போது அவற்றின் மின்தடை பெரிதும் மாறுவதைப் பெல் ஆய்வகத்தின் சார்ல்ஸ் ஸ்மித் 1954-இல் வெளியிட்டார். அதன் வழிவந்த உணரிகள் 1980-களின் பிற்பகுதியில் முக்குளிப்புக் கணினிகளுக்குள் புகுந்து, எத்தனை பார் மிஞ்சியிருக்கிறது என்பதோடு, இதே வேகத்தில் மூச்சு வாங்கினால் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதையும் கணக்கிட்டுக் காட்டின. 1990-களில் குழாயே இல்லாமல், ரெகுலேட்டரில் பொருத்திய சிறு அனுப்பியிலிருந்து மணிக்கட்டுக் கணினிக்குச் செய்தி போகலாயிற்று. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தி உயர் அலைவெண் வானொலி அலைகளை விழுங்கிவிடுவதால், மிகக் குறைந்த அலைவெண்களே இதற்குப் பயன்படுகின்றன. அவையும் ஓரிரு மீட்டருக்கு மேல் எட்டுவதில்லை. மின்கலம் தீர்வதையும் தொடர்பு அறுவதையும் அனுபவத்தில் கண்டவர்கள், அனுப்பியோடு பழைய முள் அழுத்தமானியையும் மாட்டிக்கொள்வதுண்டு.

வெளிவிட்ட மூச்சைச் சுத்திகரித்து மீண்டும் சுவாசிக்கும் மறுசுவாசக் கருவிகளுக்கு உருளையின் அழுத்தம் மட்டும் போதுமான செய்தியன்று. உருளைகள் நிறைந்திருந்தாலும் சுற்றில் ஓடும் வாயுவில் ஆக்சிஜன் குறைந்தால் மயக்கமும், கூடினால் வலிப்பும் வரும். 1968-இல் வால்டர் ஸ்டார்க் வணிகரீதியாக வெளியிட்ட எலெக்ட்ரோலங் தொடங்கி, ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை, அதாவது வாயுக்கலவையின் மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கை, உணரிகளால் இடைவிடாது அளக்கும் முறை இத்தகைய கருவிகளில் வளர்ந்தது. இன்று பெரும்பாலும் மூன்று உணரிகள் பொருத்தப்படுகின்றன. ஒன்று பிசகினால் மற்ற இரண்டின் அளவு ஏற்கப்படுகிறது. அந்தச் சுற்றுக்கு ஆக்சிஜனை ஊட்டும் உருளைக்கும், அதனோடு சேர்க்கும் கலவை வாயு உருளைக்கும் தனித்தனி அழுத்தமானிகள் அப்போதும் தேவைப்படுகின்றன; அவற்றில் பல இன்னமும் பூர்தோனின் வளைகுழாயாலேயே இயங்குகின்றன.