தொப்பூர் தாண்டியாச்சா?

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அந்த வீட்டில் ஒரே கேள்விதான். "என்னங்க, தொப்பூர் தாண்டியாச்சா?"

கணவர் லாரி டிரைவர். பெங்களூரிலிருந்து சேலத்துக்கு லோடு கொண்டு வருபவர். தர்மபுரி - சேலம் சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கம் என்றாலே டிரைவர் வீடுகளில் வயிற்றில் புளி கரையும். அங்கே நடந்த விபத்துகள் அப்படி. பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அந்த 44 வயது அம்மாவுக்கு, வருஷக்கணக்கில் சேர்ந்த பயம் ஒருநாள் உடம்பில் வெடித்தது.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். திடீரென்று நெஞ்சு படபடத்தது, கை மரத்தது, மூச்சு முட்டியது. உயிர் போகப்போகிறது என்றே நினைத்தார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி., ரத்தசோகை, தைராய்டு என்று எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறையில்லை.

"இது நடிப்பும் இல்லை, கற்பனையும் இல்லைம்மா. இதுக்குப் பேர் பதற்றம்" என்ற டாக்டர், மாத்திரையோடு உடற்பயிற்சியும் எழுதிக்கொடுத்தார்.

"தக்காளித் தோட்டத்துல நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்றேனே, அது போதாதுங்களா டாக்டர்?"

"அங்க உடம்பு வேலை செய்யுது, மனசு போனையே பார்த்துக்கிட்டு இருக்கு. தினமும் கொஞ்ச நேரம் உங்களுக்காக மட்டும் நடங்க."

பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தார். முதல் வாரம் பத்தே நிமிஷம். பிறகு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிஷக் கணக்கு இதில் சரியாக வந்துவிடும். வேகம் எவ்வளவு? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அவ்வளவுதான். தமிழக அரசு 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்ததைச் சொன்ன மகளிடம், "எனக்கு ஏரிக்கரையே போதும் கண்ணு" என்றார். ஒரு மாதத்தில் தூக்கம் கொஞ்சம் பிடிபட்டது.

ஆனால் படி ஏற மட்டும் பயம். ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொண்டால் அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் வந்தது மறுபடி வந்துவிடுமோ என்று தோன்றும். இதயத்தில் கோளாறு இல்லை என்பதால் டாக்டர் அதையே பயிற்சியாக்கச் சொன்னார். ஊர்க் கோடியில் இருக்கும் முருகன் கோயில் படிகளில் முதல் நாள் இருபது படிகூடத் தாண்டவில்லை. உட்கார்ந்துவிட்டார். படபடப்பு ஏறியது, சில நிமிஷத்தில் தானாகவே இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் அப்படியே. நெஞ்சு வேகமாகத் துடிப்பது வேறு, ஆபத்து வேறு என்பதை அந்தப் படிகள்தான் அவருக்குப் புரியவைத்தன.

வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை வேண்டும் என்று மகள் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னாள். "இது பிள்ளையாருக்குப் போடற தோப்புக்கரணம்தானேடி!" என்று சிரித்துக்கொண்டே செய்தார்.

மிச்சமிருந்தது, போனுக்காகக் காத்திருக்கும் அந்த ராத்திரி நேரம். அதற்கு அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-லேயே புத்தகமாக எழுதிய தசைத் தளர்வுப் பயிற்சி கைகொடுத்தது. பாயில் படுத்து, கால் விரல்களைச் சில விநாடி இறுக்கி, மெல்லத் தளர்த்த வேண்டும். அப்படியே கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று மேலே வர வேண்டும். கூடவே மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக, நீளமாக விட வேண்டும்.

எல்லாம் நேராகப் போகவில்லை. மழை பெய்த ஒரு வாரம் நடை நின்றது; படபடப்பு திரும்பி வந்தது. இன்னொரு முறை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். "நீங்களா நிறுத்தாதீங்க, படிப்படியா நான் குறைக்கிறேன்" என்று டாக்டர் தடுத்தார். உடற்பயிற்சி மாத்திரைக்குத் துணை, போட்டி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்கள், 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

போன மாதம் ஒரு ராத்திரி கணவரே கூப்பிட்டார். "இறக்கத்துக்கு முன்னாடி வண்டியை ஓரங்கட்டிட்டு, டீ குடிச்சிட்டு, பத்து நிமிஷம் நடந்தேன். எனக்கும் அங்க வந்தா கை வேர்க்கும். உன்கிட்ட சொன்னதில்ல."

இத்தனை வருஷமும் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள்.

தொப்பூர் தாண்டியாச்சா என்று இன்றைக்கும் கேட்கிறார். ஒரே ஒரு தடவை. பதில் வந்ததும் தூங்கிவிடுகிறார். காலையில் ஏரிக்கரையில் அக்கா காத்திருப்பார்.