காகிதத்தில் ஓடும் கோடுகள்

வலிப்பு என்ற சொல்லைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் வழக்கம் நம் மக்களிடையே இன்னும் மறைந்தபாடில்லை. சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் பற்றி ஆலய வாசலில் நின்று உரக்கப் பேசுகிறவர்கள்கூட, வீட்டில் ஒருவருக்கு வலிப்பு உண்டு என்பதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்வது போலக் காதோடுதான் சொல்கிறார்கள். கோவையிலும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டுப் பங்குகளிலும் பணியாற்றி வரும் நமக்கு இது பழகிய காட்சி. வரன் விசாரிக்க வருகிறவர்கள் படிப்பையும் பக்தியையும் கேட்டு முடித்தபின், "சாமி, புள்ளைக்குக் காக்கா வலிப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குள் எத்தனை நூற்றாண்டுகளின் அச்சம் அடங்கிக் கிடக்கிறது!

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், மூளை அலைப் பதிவுக் காகிதங்களை மஞ்சள் பையில் வைத்து எடுத்து வந்தார். பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்த்து வந்த அவருடைய மகளுக்கு இருமுறை வலிப்பு வந்திருந்தது. உறவினர் சொற்கேட்டுக் கோடாங்கியிடம் குறி கேட்டாயிற்று, தாயத்தும் கட்டியாயிற்று. பின்னர் ஒரு செபக் கூட்டத்தில், மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் முழுமை பெறும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய் காகிதங்களை நம் மேசைமீது விரித்துக் கேட்டார்: "சாமி, இதுல பேய் இருக்குதுன்னு எழுதியிருக்குதுங்களா?"

சிரிப்பதற்குரிய கேள்வியன்று அது. விடை சொல்ல வேண்டிய கடமை மருத்துவருக்கு மட்டுமல்ல, திருச்சபைக்கும் உண்டு.

அக்காகிதத்தில் இருப்பதுதான் என்ன? நம் மூளையிலுள்ள கோடானுகோடி நரம்பணுக்கள் மெல்லிய மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. அத்துடிப்புகள் திரண்டு எழுப்பும் அலைகளைத் தலைத்தோலின்மீது ஒட்டிய சிறு உலோக வில்லைகள் வாங்கித் தர, கருவி அவற்றைப் பெருக்கிக் கோடுகளாக வரைகிறது. இதனையே மருத்துவமனையில் ஈ.ஈ.ஜி. என்கிறார்கள். ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் சில பத்துக் கூறுகளே இவ்வலைகளின் வலிமை. நம் மக்களில் பலர் இதைத் 'தலைக்குக் கரண்டு வைப்பது' என்று எண்ணி அஞ்சுகிறார்கள். கருவி தலைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை; உள்ளிருந்து வருவதைக் கேட்டு எழுதுகிறது, அவ்வளவே. எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்து வரச் சொல்வார்கள். சிலரை முதல் நாள் இரவு உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். படுக்கவைத்து, ஆழ மூச்சு வாங்கச் செய்து, கண்ணெதிரே விளக்கை மின்ன விட்டு, அரைமணி நேரம் போலப் பதிவு செய்வார்கள். வலி ஏதுமில்லை.

மனிதனின் மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜெனா நகரில் மனநல மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர். ஆண்டு 1924. ஐந்தாண்டுகள் தயங்கி, மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்தபின், 1929-இல்தான் அதனை வெளியிட்டார். அப்போதும் அறிஞருலகம் அவரை நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதே அலைகளைப் பதிவு செய்து காட்டிய பின்னரே ஏற்றுக்கொண்டது. கண்களை மூடி அமைதியாக விழித்திருக்கும்போது பின்மண்டைப் பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 வரை எழும் சீரான அலைக்கு அவர் ஆல்ஃபா என்று பெயரிட்டார். ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு நான்குக்கும் குறைவான டெல்டா அலைகள் வரும். உறங்குவோரிடம் இயல்பான அதே மெதுவான அலை, விழித்திருக்கும் பெரியவரிடம் தோன்றினால் மூளையில் காயமோ கட்டியோ வேறு கோளாறோ இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார்.

வலிப்புக்கு உரிய கையெழுத்து வேறு. 1935-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒருவகை வலிப்பில் நொடிக்கு மூன்று முறை, கூர்முனையும் அலையுமாக, ஒரே அச்சில் வார்த்தாற்போல எழும் கோடுகளைக் கண்டார்கள். அந்நோயுள்ள குழந்தை கீழே விழுவதில்லை. கைகால் வெட்டி இழுப்பதுமில்லை. சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். வகுப்பில் கவனமில்லை என்று பிரம்படி வாங்கிய எத்தனை பிள்ளைகளின் குற்றமின்மைக்கு அந்தக் கோடுகள் சாட்சி சொல்லியிருக்கின்றன!

இன்னொரு வகை கைக்குழந்தைகளுக்கு வருவது. 1841-இல் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர், சில மாதமே நிறைந்த தம் சொந்த மகனின் தலை முழங்காலை நோக்கி மீண்டும் மீண்டும் குனிவதைக் கண்டு, 'லான்செட்' இதழுக்குக் கடிதம் எழுதினார். குழந்தை சலாம் போடுவது போலிருந்ததால் சலாம் வலிப்பு என்றே அது அழைக்கப்பட்டது. ஒழுங்கின் சுவடே இல்லாத அதன் அலை வடிவம் 1952-இல் விளக்கப்பட்டது. இன்றும் அந்நோய் அத்தந்தையின் பெயரால் வழங்குகிறது. மருத்துவராயிருந்தும் தம் பிள்ளைக்கு வழிகாணாமல், தெரிந்தவர் யாரேனும் சொல்லுங்கள் என்று உலகின்முன் கைநீட்டிய தகப்பன் அவர்.

ஆயினும் இக்கோடுகளுக்கும் எல்லை உண்டு. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதற்பதிவு எந்தக் குறையையும் காட்டாமற் போகலாம். ஆகவே தேர்ந்த நரம்பியல் மருத்துவர் காகிதத்தை விரிக்குமுன் உடன் வந்தவரை விசாரிக்கிறார்: எப்போது தொடங்கியது? விழுந்தபோது எப்படி இருந்தது? எத்தனை நிமிடம் நீடித்தது?

இதே விசாரணையை நாம் நற்செய்தியிலும் காண்கிறோம். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில், வலிப்பால் துடிக்கும் மகனைத் தந்தையொருவர் இயேசுவிடம் கொணர்கிறார். ஆண்டவர் கட்டளையிடுவதற்கு முன், இது பையனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தந்தையிடம் கேட்கிறார். சிறுவயது முதல் என்றும், நெருப்பிலும் நீரிலும் பலமுறை விழுந்திருக்கிறான் என்றும் விடை வருகிறது. அடுப்பங்கரையிலும் கிணற்றடியிலும் வாய்க்கால் கரையிலும் நம் தாய்மார் அஞ்சுவதும் அதே நெருப்புக்கும் நீருக்கும்தானே! அறிந்திருந்தும் ஆண்டவர் ஏன் கேட்டார்? அத்தகப்பனை யாரும் அதுவரை உட்காரவைத்துக் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதனால்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்நிகழ்ச்சியில் தீய ஆவி பேசப்படுகிறதே என்று வாசகர் கேட்கலாம். நற்செய்தியாளர்கள் தம் காலத்து மருத்துவ மொழியில் எழுதினார்கள். மத்தேயு அதே பையனைக் குறிக்க ஆளும் கிரேக்கச் சொல் நிலவினால் தாக்குண்டவன் என்ற பொருளுடையது. ஆனால் அதே மத்தேயு, நான்காம் அதிகாரத்தின் இறுதியில், ஆண்டவரிடம் கொணரப்பட்டோரைப் பட்டியலிடும்போது பேய் பிடித்தோரைத் தனியாகவும் வலிப்பு நோயாளரைத் தனியாகவும் எண்ணுகிறார். அவர் பிரித்து எண்ணியதை நாம் ஒன்றாய்க் கட்டுவது ஏன்?

கட்டியவர்கள் ஊரார் மட்டுமல்லர். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 984-ஆம் சட்டம், வலிப்பு நோயாளர், மனநிலை பிறழ்ந்தோர், பேய் பிடித்தோர் ஆகிய மூவரையும் ஒரே வரியில் நிறுத்திக் குருத்துவத்திற்குத் தடை விதித்தது. 1983-ஆம் ஆண்டுப் புதிய தொகுப்பில் வலிப்பு என்ற சொல் எடுக்கப்பட்டது. பீடத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தது. நம் நாட்டுச் சட்டமும் பின்னர் திருந்தியது: இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்ததை 1999-இல் நாடாளுமன்றம் நீக்கியது.

இடையில் நேர்ந்த ஒரு துயரத்தையும் மறக்கலாகாது. ஜெர்மனியின் கிளிங்கன்பெர்க் ஊரில் அன்னலீஸ் மிஷல் என்ற கத்தோலிக்க இளம்பெண் வலிப்புக்குச் சிகிச்சை பெற்று வந்தவர். பேயோட்டும் சடங்குகள் பல மாதங்கள் நடந்தன. உணவின்றி மெலிந்து 1976 சூலை முதல் நாள் 23 வயதில் இறந்தார். 1978-இல் அவருடைய பெற்றோரையும் இரு குருக்களையும் நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. 1999-இல் வெளிவந்த புதிய பேயோட்டும் சடங்குமுறை, நோயைப் பேய் என மயங்காதிருக்குமாறும், தேவையெனில் மருத்துவ வல்லுநரைக் கலந்துகொள்ளுமாறும் கற்பிக்கிறது. ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எக்குருவும் அச்சடங்கை நடத்தலாகாது. மருத்துவரையும் மண்ணிலிருந்து விளையும் மருந்தையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் நமக்கு என்றோ கற்பித்துவிட்டது.

உலகில் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேருக்கு வலிப்பு உண்டு என்றும், உரிய மருத்துவம் கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தலைக்காயம், பிறப்பின்போது மூச்சுத் திணறல், மூளைக்காய்ச்சல், பன்றி நாடாப்புழுவின் முட்டை உணவு வழியே உட்செல்வது எனக் காரணங்கள் பல. காரணம் புலப்படாமலும் வரும். முன்னோர் பாவம் என்பது அப்பட்டியலில் இல்லை. பிறவிக் குருடரைக் காட்டிச் சீடர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டபோதே ஆண்டவர் அக்கணக்கை முடித்துவிட்டார்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்னது இதுதான்: "இதில் பேய் இல்லை, அம்மா. உங்கள் மகளின் மூளையில் சில நொடிகள் மின்துடிப்பு முறை தவறியிருக்கிறது. மாத்திரையை நிறுத்த வேண்டாம்; செபத்தையும் நிறுத்த வேண்டாம். இரவு ஷிப்டை மட்டும் நிறுத்துங்கள்." உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். மூன்றாண்டுகளுக்கு மேலாக அப்பெண்ணுக்கு வலிப்பு வரவில்லை. பாடகர் குழுவில் பாடுகிறார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் எடுக்கிறார். ஆனால் இரண்டு வரன்கள் வந்து, உள்ளதை உள்ளபடி கேட்டபின் விலகிப் போயின. மறைத்திருக்கலாமே என்று தாய் நம்மிடம் கண்கலங்கினார். மறைத்துக் கட்டும் தாலி நிலைக்காது. பயந்து மாத்திரையை ஒளித்து விழுங்கும் மருமகள் என்றேனும் ஒரு நாள் அதை விட்டுவிடுவாள். எனினும் அக்கண்ணீருக்கு நாம் என்ன ஈடு சொல்ல முடியும்? விலகிப்போன இரு குடும்பங்களும் ஞாயிறு தவறாமல் திருப்பலி காண்பவை.

ஆலயத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் செய்ய வேண்டியவற்றை அன்பியக் கூட்டங்களிலேனும் கற்றுக்கொள்வோம். சாவிக்கொத்தையும் இரும்பையும் தேட வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். கூர்மையான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எழுந்தபின் அவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதை விடுத்து, ஒருவர் மட்டும் அருகிலமர்ந்து தெளியும்வரை ஆறுதலாய்ப் பேசுவது நல்லது.

லூக்கா அதே நிகழ்ச்சியை முடிக்கும்போது, ஆண்டவர் பையனைக் குணமாக்கினார் என்பதோடு நிறுத்தவில்லை. அவனைத் தந்தையிடம் ஒப்படைத்தார் என்றும் எழுதுகிறார். நோயைத் தணிக்க மாத்திரை இருக்கிறது. ஒப்படைக்கும் பணியோ நம்முடையது: அப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திடம், வேலைத்தலத்திடம், மணவறையிடம், பீடத்திடம் ஒப்படைப்பது. வரன் விசாரிக்க அடுத்து வருகிறவர்கள் அக்கேள்வியைக் குரல் தாழ்த்தாமலே கேட்கட்டும். விடையைக் கேட்டபின்னும் எழுந்து போகாதிருக்கட்டும்.