வலது காலும் இடது காலும்

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் ஒரு சேத்தக் ஹெலிகாப்டர் பத்தடி உயரத்தில் தள்ளாடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் இளம் அதிகாரிக்கு ஒரே வேலைதான்: அந்தரத்தில் அசையாமல் நிற்பது. இடது கையிலுள்ள கலெக்டிவ் என்ற நெம்புகோலை விரலளவு உயர்த்தினால் ஹெலிகாப்டர் எழும்பும். கூடவே அதன் மூக்கு இடப்பக்கம் திரும்பும். வலது காலால் பெடலை அழுத்தி நேராக்க வேண்டும். நேராக்கியதும் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் நகரும். அதை வலது கையிலுள்ள சைக்ளிக் என்ற கைப்பிடியால் பிடிக்க வேண்டும். யோசித்துச் செய்தால் காலம் கடந்துவிடும். ஒருநாள் காலையில் கையும் காலும் மூளையை முந்திக்கொள்ளும். பக்கத்து இருக்கையில் இருக்கும் பயிற்றுநருக்கு அது மாணவருக்கு முன்பே தெரிந்துவிடும்.

1992-இல் தொடங்கிய இந்தத் தளத்தில்தான் கடற்படையும் கடலோரக் காவல்படையும் தங்கள் ஹெலிகாப்டர் விமானிகளை உருவாக்குகின்றன. இங்கே வருவது எளிதல்ல. எஸ்.எஸ்.பி. என்ற படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணலைத் தாண்டியவரின் காலின் நீளத்தைக்கூட அளக்கிறார்கள். விமானத் திறன் தேர்வில் ஒருமுறை தவறினால் அவ்வளவுதான், மறுவாய்ப்பு கிடையாது.

2024 ஜூனில் இங்கே விமானிக்கான 'விங்ஸ்' சின்னம் பெற்ற 21 பேரில் அனாமிகா பி. ராஜீவும் ஒருவர். கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி அவர். ஹெலிகாப்டர் ஓட்ட ஆள் தேடும் ஒரு படை அதுவரை பாதி நாட்டைப் பார்க்காமலே தேடியிருக்கிறது.

விங்ஸ் வாங்கியவர் இன்னும் கடல் விமானி ஆகிவிடவில்லை. போர்க்கப்பலின் பின்தளம் சிறியது. முன்னால் ஹேங்கர் சுவர். தளம் அலையோடு ஏறி, இறங்கி, சாய்கிறது. அந்த ஆட்டம் சற்று அடங்கும் சில விநாடிகளுக்காகக் காத்திருந்து இறக்க வேண்டும். இரவில் கண்ணுக்குத் துணை மங்கலான சில விளக்குகளே. சேத்தக்கிலிருந்து சீ கிங்குக்கோ, 2020-இல் 24 வாங்க ஒப்பந்தமான எம்.எச்-60ஆருக்கோ மாறுபவருக்கு இன்னொரு சோதனை: அவற்றின் சுழலி எதிர்த்திசையில் சுற்றும். வலது காலுக்குப் பழகியதை இடது கால் புதிதாகக் கற்க வேண்டும்.

இப்படி வருடக்கணக்கில் உருவாகும் ஆளை எப்படித் தக்கவைப்பது? ஷார்ட் சர்வீஸ் என்ற குறுகிய காலப் பணிமுறையில் சேர்பவருக்குப் பணிக்காலம் அதிகபட்சம் 14 ஆண்டு. முப்பதைத் தாண்டி, எந்தக் கப்பலிலும் நம்பி இறங்கலாம் என்ற நிலை வரும்போது அவர் வெளியேறும் வாசல் திறக்கிறது. மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் வேலைக்குக் கடல்மேல் பறந்து பழகியவர் தேவை. வீட்டில் இருக்கும் நாட்கள் எவை என்பதும் அங்கே முன்கூட்டியே தெரியும்.

அதிகாரிக்கான பறத்தல் படி மாதம் ரூ. 31,250. அதை உயர்த்துவது நல்லதுதான். ஆனால் விமானியைப் பிடித்துவைப்பது முதலில் பறக்கும் மணிநேரம்தான். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தார்கள். அதன்பின் எல்லாப் படைகளின் துருவ்களும் தரையில் நிறுத்தப்பட்டன. தரைப்படை, விமானப்படை துருவ்கள் சில மாதங்களில் மீண்டும் எழும்பின. கடற்படையினுடையவை அப்போதும் காத்திருந்தன. பாதுகாப்புக்கு அந்த முடிவு தேவைதான். ஆனால் பறக்காத மாதங்களில் கை தன் கூர்மையை இழக்கிறது, மனம் வேறு வேலையை நினைக்கத் தொடங்குகிறது. மாற்று ஹெலிகாப்டர்களை உரிய காலத்தில் வாங்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் படை ஆட்களால் விலை கொடுக்கிறது.

பயிற்றுநர் பணியும் விமானியைப் பிடித்துவைக்கும் ஒரு கயிறுதான், படை அதை இன்னும் இறுகப் பற்றலாம். தாம்பரம் விமானப் பயிற்றுநர் பள்ளியில் படித்துவிட்டு அரக்கோணம் வருபவருக்குத் தினமும் பறத்தல் உண்டு. பிள்ளைக்குச் சில ஆண்டாவது ஒரே பள்ளி. நெடுநாள் சீ கிங் ஓட்டிவிட்டு மறுபடி சேத்தக்கில் அமர்பவர் கலெக்டிவை உயர்த்துகிறார். இடது கால் முந்துகிறது. மூக்கு மேலும் இடப்பக்கம் போக, வலது கால் பழைய பாடத்தை நினைவுக்குக் கொண்டுவந்து அழுத்துகிறது. பக்கத்தில் ஒரு புதிய மாணவர் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.