அச்சேறிய அஞ்சல்கள்

ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்குக் கடிதமே பாலம். எங்கள் இல்லத்தில் அது 2006-ஆம் ஆண்டு முதல் மின்னஞ்சலாயிற்று. அமெரிக்காவில் பணியாற்றிய அண்ணன் தமிழ் எழுத்திலேயே எழுதி வந்தார். சென்ற ஆண்டு அவர் காலமானார். கரமனையில் என்னோடு வாழும் அன்னைக்குக் கணினித் திரை கண்ணைக் கூசும். "அவன் எழுதினதை எல்லாம் தாளிலே எடுத்துத் தாடா" என்றார். அலுவலகத்தில் நாள்தோறும் கோப்பில் தாள் சேர்க்கும் எழுத்தனாகிய எனக்கு இது எளிதென்றே தோன்றிற்று.

இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கப்பெற்றது இத்திருவனந்தபுரத்திலேதான். அவ்வியக்கத்து நண்பர் ஒருவர் பழக்கியதால் ‘மட்’ என்னும் அஞ்சல் நிரலையே கையாண்டு வருகிறேன். மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் உருவாக்கிய அது, படமோ பொத்தானோ இன்றி எழுத்துகளாலேயே இயங்குவது. ‘பி’ விசையை அழுத்தினால் கடிதம் அச்சுக்குச் செல்லும். அச்சுக் கட்டளையை நாமே வகுத்துக்கொள்ளலாம்.

முதலில் ‘என்ஸ்கிரிப்ட்’ என்னும் பழைய நிரலிடம் ஒப்படைத்தேன். ஒரு பைட்டு ஓர் எழுத்து என்பதே அது அறிந்த கணக்கு. யுடிஎஃப்-8 முறையிலோ தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். ஆகவே, 15 பைட்டுகள் கொண்ட ‘அம்மா’ என்னும் சொல் பொருளற்ற குறிகளாய்ச் சிதறியது. பின்னர் ‘பேப்ஸ்’ என்னும் நிரல் கிட்டியது. அது ‘பாங்கோ’ என்னும் எழுத்தமைப்புக் கருவியின் துணையால் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்ப்பது. அதன் வெளியீட்டைக் ‘கோஸ்ட்ஸ்கிரிப்ட்’ வழியே பிடிஎஃப் ஆக்கினேன். அண்ணனின் மடல்களையெல்லாம் குறியிட்டு, ஒரே கோப்பாகத் தொகுத்தேன். எழுத்துருவும் உள்ளடங்கியிருப்பதால் அக்கோப்பு எக்கணினியிலும் வடிவம் மாறாது. பிடிஎஃப் 2008-இல் அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

தாள்களைப் பெற்ற அன்னை மூக்குக் கண்ணாடியை அணிந்து, ஒவ்வொரு மடலின் தலைப்பையும் விரல் வைத்துப் படித்தார். அனுப்பியவர் ஊரின் நேரம் அங்கே பதிந்திருந்தது. "எல்லாம் ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி. பிள்ளை தூங்கவே இல்லையாடா?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளும் அம்மடல்களைத் திறந்த நான் அவ்வரியை ஒருநாளும் நோக்கியதில்லை. விடை சொல்ல இயலாமல் நின்றேன்.

அன்பர்களே, உற்றாரின் மடல்கள் உங்கள் கணினியிலும் உறங்கும். அவர்கள் இருக்கும்போதே அவற்றைத் தாளில் எடுத்துப் படியுங்கள். கேட்க வேண்டியதைக் கேட்க அப்போது காலம் இருக்கும்.