தாமரைக் குளத்தில் ஹோம்வொர்க்!

ஆகஸ்ட் மாதம் டோக்கியோ போகிறவர்கள் ஸ்வெட்டரைப் பெட்டியில் திணித்துக்கொண்டு போக வேண்டாம். பனிமலை, செர்ரிப் பூ எல்லாம் காலண்டர் படத்தோடு சரி. வெயில் சர்வசாதாரணமாக 35 டிகிரியைத் தொடுகிறது. புழுக்கம் வேறு. மே மாதத்தில் சென்னை பஸ்சில் ஒற்றைக் காலில் நின்று பழகியவர்களுக்கு ஊர் ஞாபகம் வந்து கண்ணில் நீர் வழியும். (வியர்வையாகவும் இருக்கலாம்.) மரத்துக்கு மரம் சில்வண்டுகள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது.

இந்த வெயிலில்தான் அங்கே பள்ளிக்கூடங்களுக்குக் கோடை லீவு. ஜூலை 20 வாக்கில் ஆரம்பித்து, பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் கடைசி வரை. ஏறக்குறைய நாற்பது நாள்! 'அடடா, கொடுத்து வைத்த பிள்ளைகள்' என்று பெருமூச்சு விடாதீர்கள். அங்கே பள்ளி ஆண்டு தொடங்குவது ஏப்ரலில். அதாவது லீவு வருஷத்துக்கு நட்டநடுவில் வருகிறது. விடுவார்களா? மூட்டை நிறைய ஹோம்வொர்க்.

கணக்கு, எழுத்துப் பயிற்சி, படம் போட்ட டைரி... போதாததற்குக் காலை 6.30க்கு ரேடியோவில் உடற்பயிற்சி. 1928-லிருந்து ஒலிபரப்பாகிற நிகழ்ச்சி. தெருமுனைப் பூங்காவில் தூக்கக் கலக்கத்தோடு கையைக் காலை ஆட்டினால், கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு முத்திரை குத்துவார்கள்.

இந்த மூட்டையில் ஒரு விசேஷமான அயிட்டம் உண்டு. அதன் பெயர் 'ஜியூ கென்க்யூ'. 'சுதந்திர ஆராய்ச்சி' என்று அர்த்தம். தலைப்பை டீச்சர் கொடுக்க மாட்டார். குழந்தையே ஒரு கேள்வியைத் தேடிக்கொள்ள வேண்டும். அதற்குக் குழந்தையே பதிலையும் தேட வேண்டும். லீவு முடிந்ததும் ஒரு பெரிய தாளிலோ நோட்டிலோ எழுதிக்கொண்டு போய் வகுப்பில் வைக்க வேண்டும். ஐஸ்கட்டி உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரையுமா, சாதாத் தண்ணீரில் கரையுமா? எங்கள் தெருப் பூனைகள் மத்தியானம் எங்கே போகின்றன? இப்படி எது வேண்டுமானாலும் இருக்கலாம். இப்போது சில பள்ளிகளில் இது கட்டாயமில்லை, இஷ்டப்பட்டால் செய்யலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள்.

மூன்று வார வேலையாக என் கம்பெனி என்னை அங்கே அனுப்பியிருந்தது. ஆபீஸில் பக்கத்து சீட் நண்பருக்கு மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். ஆகஸ்ட் நடுவில் 'ஓபோன்' என்று நம்ம ஊர் அமாவாசை மாதிரி முன்னோர்களை நினைக்கிற நாட்கள் வருகின்றன. ஆபீஸே காலியாகிவிடும். அந்த லீவில் ஒரு நாள் காலை 7 மணிக்கு உயெனோ ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

"அவ்வளவு சீக்கிரம் எதுக்கு?"

"தாமரை மத்தியானம் மூடிக்கும். அதுக்கு நம்ம டைம் டேபிள் தெரியாது" என்றார்.

உயெனோ பூங்காவில் ஷினோபசு என்று ஒரு குளம். ஜூலை, ஆகஸ்ட்டில் தண்ணீரே தெரியாத அளவுக்குத் தாமரை மண்டிக் கிடக்கிறது. ஆள் உயரத்துக்கு இலை. நடுவில் சின்னத் தீவு, அதில் ஒரு கோயில். உள்ளே இருக்கும் தெய்வத்தின் பெயர் பென்சைதென். விசாரித்தால், நம்ம சரஸ்வதியேதான்! பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் அங்கே குடியேறிவிட்டவள். ஹோம்வொர்க் செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

சின்னப் பெண்ணின் கேள்வி இதுதான்: 'தாமரை இலை ஏன் நனைவதில்லை?'

நோட்டைக் காட்டினாள். ஆறு வகை இலை, ஒவ்வொன்றின் மேலும் மருந்து விடும் குழாயால் ஒரு சொட்டு. 'உருளுது', 'ஒட்டுது' என்று இரண்டு கட்டம். பாட்டி வீட்டுத் தோட்டத்துச் சேப்பங்கிழங்கு இலையும் முட்டைக்கோஸின் வெளி இலையும் 'உருளுது' கட்டத்தில் இருந்தன. மற்ற நாலும் 'ஒட்டுது'. பூங்காவில் இலையைப் பறிக்கக் கூடாது. அதனால் கரையோரம் நின்று, முந்தின இரவு பெய்த மழைத்துளிகள் காற்றில் இலை ஆடும்போது எப்படி ஓடுகின்றன என்று அரை மணி நேரம் பார்த்தாள். அப்பா குடை பிடித்தார். நான் பார்லித் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தேன்.

திடீரென்று என்னிடம் திரும்பி, "ஓஜிசான், உங்க ஊர்ல தாமரை உண்டா?" என்றாள். (ஓஜிசான் என்றால் மாமா. 28 வயதில் இதைக் கேட்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.)

"உண்டாவது! பட்டும் படாமலும் இருக்கிறவங்களைத் தாமரை இலைத் தண்ணீர்னே சொல்லுவோம். ரொம்பப் பழைய பேச்சு" என்றேன். அப்பா மொழிபெயர்த்தார். அவள் மரியாதையாக நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

"அவ்வளவு காலமா தெரியுமே... ஏன்னு யாரும் பார்க்கலையா?"

நான் பார்லித் தண்ணீரை ஒரு வாய் குடித்தேன்.

பார்த்தவர் ஒரு ஜெர்மானியர். பார்ட்லாட் என்ற தாவரவியல் விஞ்ஞானி. 1970-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இலைகளை ஆராயும்போது அவருக்கு விஷயம் பிடிபட்டது. 1997-ல் சக விஞ்ஞானி ஒருவரோடு சேர்ந்து விரிவாக எழுதினார். தாமரை இலை பார்க்கத்தான் வழவழப்பு. உண்மையில் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மேடுகள். ஒவ்வொரு மேட்டிலும் மெழுகுப் பூச்சு. தண்ணீர்ச் சொட்டு மேடுகளின் உச்சியில் மட்டும் உட்காருகிறது. கீழே காற்று. அதனால்தான் உருண்டு ஓடுகிறது. ஓடும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. இந்த வித்தையைப் பார்த்து, தயிர் ஒட்டாத டப்பா மூடியே ஜப்பானில் வந்துவிட்டது.

இவ்வளவும் அந்த அப்பாவுக்குத் தெரியும். மனுஷர் எஞ்சினீயர். ஆனால் பெண்ணிடம் வாயே திறக்கவில்லை. காரணம் கேட்டேன்.

"சொன்னா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். நான் வீட்டுக்குப் போறப்போ ராத்திரி பத்து மணி. தூங்கிட்டிருப்பா. காலையில நான் கிளம்பறப்போவும் அரைத் தூக்கம். வருஷத்துல இவளோட முழுசா இருக்கிறது இந்த நாலு நாள்தான். அதை நான் ஏன் ரெண்டு நிமிஷத்துல முடிக்கணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குளத்திலிருந்து மேட்டில் ஏறினால், பூங்காவுக்குள்ளேயே தேசிய இயற்கை அறிவியல் மியூசியம். 1877-ல் தொடங்கியது. வாசலில் 30 மீட்டர் நீல திமிங்கிலம் ஒன்று (பொம்மைதான்) தலைகீழாகப் பாய்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரந்தரக் கண்காட்சிக்கு டிக்கெட் கிடையாது. உள்ளே திருவிழாக் கூட்டம். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து படம் வரைகிற பிள்ளைகள், பக்கத்தில் ரப்பரும் பென்சிலும் ஏந்திய அப்பாக்கள். செத்துப்போன எஜமானருக்காக ஷிபுயா ஸ்டேஷனில் ஏறக்குறைய 10 வருஷம் காத்திருந்த நாய் ஹச்சிகோவின் பாடம் செய்த உடலும் இங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் ஓர் அம்மா மகனைவிட அதிகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டுகள் பகுதிதான் பையன்களின் கோட்டை. நம்ம ஊரில் தென்னந்தோப்புக்காரர் கண்டால் நசுக்கிவிடுகிற காண்டாமிருக வண்டுக்கு ஒரு ஜப்பானிய ஒன்றுவிட்ட தம்பி உண்டு. 'கபுதோமுஷி' என்று பெயர். அதை அங்கே செல்லப் பிராணியாக வளர்க்கிறார்கள். கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், சார்!

இந்த வண்டு ராத்திரியில்தான் நடமாடும் என்று புத்தகங்கள் சொல்லி வந்தன. டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன். அவன் வீட்டுத் தோட்டத்தில் தெற்கேயிருந்து வந்த ஒரு மரத்தை வைத்திருந்தார்கள். அதில் வண்டுகள் பட்டப்பகலிலும் உட்கார்ந்து சாறு குடிப்பதைப் பார்த்தான். லீவு ஹோம்வொர்க்காக எண்ண ஆரம்பித்தான். 162 வண்டுகளுக்கு அடையாளமிட்டு, எது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று குறித்தான். யமகுச்சி பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவர் வழிகாட்ட, 2021-ல் 'எகாலஜி' என்ற பெரிய அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகையில் அது கட்டுரையாக வந்தது. எழுதியவர் வரிசையில் முதல் பெயர் பையனுடையது. அப்போது ஆறாம் வகுப்பு!

இன்னொரு கதையைக் கேளுங்கள். ஜப்பானிய ஓநாய் 1905-க்குப் பிறகு கண்ணில் படவில்லை. பாடம் செய்த உடல்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உண்டு. அதில் ஒன்று இந்த மியூசியத்தில் இருக்கிறது. 2020-ல் மியூசியத்தின் த்சுகுபா ஊர்க் கிடங்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி போனாள். ஓநாய்ப் பைத்தியம். மூலையில் 'ஒரு வகை மலை நாய்' என்று சீட்டு ஒட்டியிருந்த உருவத்தைப் பார்த்ததும், 'இது நாயில்லை, ஓநாய்' என்று அவளுக்குப் பொறி தட்டியது. பழைய பதிவேடுகளைத் தேடினாள், அளவுகளை ஒப்பிட்டாள், நிபுணர்களோடு சேர்ந்து வேலை செய்தாள். ஜப்பானிய ஓநாயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற முடிவோடு 2024-ல் கட்டுரை வெளியானது. வருஷக்கணக்காகப் பெரியவர்கள் தாண்டிப் போன சீட்டு அது.

எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் ஆகஸ்ட் 31 ராத்திரி உண்டு! பிள்ளை தூங்க, அப்பா ஒட்ட, அம்மா கலர் அடிக்க... இந்தக் காட்சி நமக்கு மனப்பாடமாயிற்றே. 'இரண்டு மணி நேரத்தில் ஆராய்ச்சி' என்று பெட்டியில் போட்டு விற்கிற கடைகளும் உண்டு. முடித்த ஹோம்வொர்க்கையே ஆன்லைனில் விற்க ஆரம்பித்து, 2018-ல் கல்வி அமைச்சகமே 3 பெரிய கம்பெனிகளோடு பேசி அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆனாலும் ஒன்று. 2023-ல் கரண்ட் பில் ஏறி, இந்த மியூசியம் கையைப் பிசைந்துகொண்டு பொதுமக்களிடம் 10 கோடி யென் கேட்டது. ஒரே நாளில் சேர்ந்துவிட்டது. மூன்று மாதத்தில் சுமார் 57,000 பேர் சேர்ந்து 91 கோடி யென்னுக்கு மேல் கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் அங்கே தரையில் உட்கார்ந்து படம் வரைந்தவர்களோ!

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே 'ப்ராஜெக்ட்' என்றால் என்ன? இரவு ஒன்பது மணிக்குப் பையன் சொல்வான்: "அப்பா, நாளைக்கு சூரியக் குடும்பம் கொண்டு போகணும்." அப்பா பைக்கை உதைத்து, மூடப்போகும் ஸ்டேஷனரிக் கடைக்குப் பறப்பார். தெர்மோகோல், சார்ட் பேப்பர், ஜிகினா. கடைக்காரரே பிரின்ட் எடுத்தும் கொடுப்பார். பையனுக்கு மார்க், கடைக்காரருக்குக் காசு, அப்பாவுக்கு முதுகு வலி. கேள்வி கேட்டவர் யார்? யாருமில்லை.

காசு செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். அடுத்த லீவில் ஒரு சேப்பங்கிழங்கு இலை, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் போதும். முதலில் சாதாத் தண்ணீர்ச் சொட்டு. பிறகு துளி சோப்பு கலந்த தண்ணீர்ச் சொட்டு. இரண்டும் இலையில் என்ன செய்கிறது என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் இதில் கஷ்டமான பகுதி.

கல்யாணம் ஆகாதவர்கள் அக்கா பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம். 'மாமா' என்று கூப்பிட்டால் வருத்தப்படாதீர்கள். இங்கே அது உறவு முறைதான்!