யப்பானுக்குப் புறப்படுமுன்

பிறநாடு செல்லும் பிள்ளைக்குப் பெட்டி அடுக்குவதில் நம் குடும்பங்கள் காட்டும் அக்கறை பெரிது. மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் தவறாமல் இடம்பெற்றுவிடும். ஆனால், செல்லும் நாட்டின் ஒழுங்குகளை முன்கூட்டியே அறிந்துகொள்வோர் சிலரே. உயர்தர வகுப்பில் கற்பிக்கும் என்னிடம், யப்பான் செல்ல விரும்பும் மாணவரும் பெற்றோரும் அடிக்கடி ஐயம் கேட்பதுண்டு. அந்நாட்டிற் சில வாரங்கள் தங்கியவன் என்ற முறையில், பலர்க்கும் பயன்படத்தக்க சிலவற்றை இங்கே கூறுகின்றேன்.

முதலிற் பெட்டியையே பார்ப்போம். மாம்பழத்தையும் பச்சைக் கறிவேப்பிலையையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். உரிய சான்றிதழின்றிச் செடிகொடிகளின் எப்பகுதியையும் அங்கே இறக்க விடார். மருந்துகளில் இன்னும் விழிப்பு வேண்டும். இருமலுக்கும் தடிமனுக்கும் நாம் வாங்கும் மருந்துகள் சிலவற்றிற் சேரும் கோடீன், சூடோஎபெட்ரின் என்பன, குறித்த அளவை விஞ்சினால் அங்கே சட்டத்தால் விலக்கப்பட்டவை. வைத்தியர் எழுதித்தந்த மருந்தாயினும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவுக்கு முன்னனுமதி பெறல் வேண்டும்.

நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ற். அங்கே 100 வோல்ற். இங்கிருந்து கொண்டுபோகும் மின்பானையிற் சோறு அவியாது. செருகியும் இரண்டு தட்டைக் கால்களை உடையதாதல் வேண்டும்.

மரக்கறி உணவினர்க்கு ஓர் எச்சரிக்கை. பார்வைக்குச் சைவமாகத் தோன்றும் சூப்பிலும், 'கற்சுவோபுஷி' என்னும் உலர்மீனின் சாறு பெரும்பாலும் கலந்திருக்கும். அது நம் மாசியின் உடன்பிறப்பே. இரண்டும் சூரை இன மீனிலிருந்தே ஆக்கப்படுவன. சிற்றுணவகம் ஒன்றில் நான் சைகையால் வினவியபோது, கடைக்கார மூதாட்டி உள்ளே சென்று அம்மீன் துண்டையே எடுத்துவந்து காட்டினார். பின்னர் வெறுஞ் சோறும் உப்பிட்ட பழமும் தந்து என் பசி தீர்த்தார். மொழி அறியாவிடினும் பணிவுடன் கேட்டால் அம்மக்கள் உதவத் தயங்கார். பௌத்த மடாலயங்களின் 'ஷோஜின்' உணவில் மீனோ இறைச்சியோ சேர்வதில்லை.

அவசரத்துக்குரிய எண்களையும் மனத்திற் பதித்தல் நன்று. நம் நாட்டில் 119 பொலிசுக்குரியது. அங்கே அதே எண் தீயணைப்புக்கும் நோயாளர் வண்டிக்கும் உரியது. பொலிசை அழைக்க 110. சுற்றுலாச் செல்வோர் கடவுச்சீட்டையும், நெடுநாள் தங்குவோர் வதிவிட அட்டையையும் எந்நேரமும் உடன்வைத்திருத்தல் சட்டம். கற்கச் செல்வோர் குடியமர்ந்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, சுகாதாரக் காப்புறுதியிலும் சேர்தல் வேண்டும்.

இனி, யான் மிக முக்கியமெனக் கருதுவதைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு தந்தையார், தம் தோட்டக் காணியை ஈடுவைக்கும் எண்ணத்துடன் என்னைக் காண வந்தார். "மகன் அங்கே படித்துக்கொண்டே உழைத்துக் கடனை அடைத்துவிடுவானாம், மாஸ்ரர்" என்றார். அவ்வாறு சொன்னவர் ஒரு முகவர். முகவர் எழுதிக்கொடுத்த கணக்கைப் பார்த்தேன். வாரத்துக்கு 60 மணிநேர வேலையாக அது போடப்பட்டிருந்தது. கல்வி விசாவிற் செல்பவர், தனி அனுமதி பெற்ற பின்னரே, பாடசாலை நாட்களில் வாரத்துக்கு 28 மணிநேரம் மட்டும் உழைக்கலாம். அதனை மீறினால் விசாவே பறிபோகும். கடனோ ஊரில் நிற்கும்.

இருவரும் இருந்து கணக்கைத் திருத்திப் போட்டோம். அவ்வுழைப்பு உணவுக்கும் அறை வாடகைக்குமே போதாது போலிருந்தது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் காணி உறுதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வேறு வழி இல்லையா?" என்றார். உண்டு. யப்பானிய அரசு 1954ஆம் ஆண்டு முதல் பிறநாட்டு மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்கி வருகின்றது. கல்விக் கட்டணம், மாதப்படி, விமானச் செலவு யாவும் அதில் அடங்கும். கொழும்பிலுள்ள யப்பானியத் தூதரகம் விண்ணப்பங்களைக் கோரும். போட்டி கடினந்தான், ஆயினும் முயற்சியில் தோற்றால் காணி போவதில்லை. அப்பிள்ளை இப்போது ஊரிலிருந்தே யப்பானிய மொழி பயில்கிறான்.

பெற்றோரே, பிள்ளையைத் தூரதேசம் அனுப்புவதில் தவறில்லை. கையொப்பம் இடுமுன், முகவரின் வாய்ச்சொல்லை விட்டு, அந்நாட்டுச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.